எட்டு மச்சாடோ தோள்கள்

இது சத்தியமாக நடந்த கதை. துல்சே அக்கா கடைக் காபி எவ்வளவு கறுப்போ அவ்வளவு உண்மை. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை.

சரி, சரி, எல்லோரும் ஒரே நேரத்தில் முறைக்க வேண்டாம். துல்சே அக்கா காபியில் தண்ணீர் சேர்க்கவில்லையா? அந்த அளவு நானும் சேர்ப்பேன். எங்கே கதை ரொம்ப இனிக்கிறதோ அங்கே கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபவுஸ்டோ அண்ணே, சுவர் பூசிய கையோடு அந்த முட்டைப் பணியாரத்தைத் தொடாமல் உட்காருங்கள். சுல்மீரா அம்மா, ஜெபமாலையை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். மாதா சமாச்சாரம்தான்.

போர்த்துகீசு மதேராத் தீவிலிருந்து நாம் வந்து குடியேறிய இந்த லண்டன் ஸ்டாக்வெல்லில் ஜெரோனிமோ மச்சாடோவைத் தெரியாதவன் நேற்று விமானத்தில் வந்து இறங்கியவனாகத்தான் இருக்க வேண்டும். சாரம் கட்டுகிறவர். லண்டனில் பாதிக் கட்டடம் அவர் கட்டிய சாரத்தில் சாய்ந்துதான் நிற்கிறது, அவிழ்த்தால் விழுந்துவிடும். தோள் அவ்வளவு அகலம். பேருந்தில் ஏறினால் ஓட்டுநர் இரண்டு சீட்டு கேட்பார். ஆனால் மனசு மட்டும் பஞ்சு மிட்டாய். பெண்டாட்டி இல்தா தும்மினாலே இவருக்கு மூக்கில் தண்ணீர் வரும்.

அந்த இல்தாவுக்குப் போன வருடம் மார்ச் மாதம் இதயத்தைத் திறந்து ஒரு வால்வை மாற்றினார்கள். ஆறு மணி நேரம். ஜெரோனிமோ ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து தரையில் வாய்க்கால் வெட்டிவிட்டார். பக்கத்தில் துணைக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்: அனிபால் பெஸ்தானா.

பெஸ்தானாவின் வாய் உங்களுக்குத் தெரிந்ததுதான். மதேராத் தீவுக்காரர்கள் எல்லோருக்கும் கடவுள் ஒரு நாக்குக் கொடுத்தார், பெஸ்தானாவுக்கு உறையோடு இரண்டு. ஆனாலும் அன்றைக்குக் கீரை சூப்பை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது மணி நேரம் ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே ஓடினாள். அவள் எதற்கு ஓடினாளோ. ஜெரோனிமோ அங்கேயே முழங்காலில் விழுந்துவிட்டார்.

"மலைமாதாவே! என் இல்தாவை மட்டும் எனக்குத் திருப்பிக் குடு. ஆகஸ்ட் திருவிழாவை நான் எடுக்கிறேன். உன் சப்பரத்தை மச்சாடோ தோளிலேயே தூக்குறேன். எட்டு மச்சாடோ! எட்டுக்கு ஒண்ணு குறையாது!"

நம் திருவிழா வழக்கம் அதுதானே. எந்த வீட்டுக்காரர் அந்த வருடத் திருவிழாவை எடுக்கிறாரோ அந்த வீட்டுப் பெயர்க்காரர்கள்தான் சப்பரம் தூக்க வேண்டும். அதற்கு முந்தின வருடம் பெஸ்தானா எடுத்தார். அண்ணன், தம்பி, அத்தை மகன், மருமகன் என்று பதினாறு பெஸ்தானாக்கள் முறைவைத்துத் தூக்கினார்கள். மாதாவே சலித்துப்போயிருப்பாள், எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மூக்கு.

அந்தப் பதினாறு பேரின் தலைவர், சூப்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நேர்ச்சையை முழுதாகக் கேட்டுவிட்டார்.

"எட்டா?" என்றார்.

"எட்டு."

"ஓய் ஜெரோனிமோ, எனக்குத் தெரிஞ்சு இந்த லண்டன்ல ஒரே மச்சாடோ நீதானய்யா?"

"வாயை மூடிக்கிட்டு சூப்பை ஊத்து."

இல்தா பிழைத்தாள். மூன்றாம் நாள் கண் விழித்து முதலில் கேட்டது, "வீட்ல செடிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்றுதான். அப்போதே ஜெரோனிமோவுக்குத் தெரிந்தது, மாதா தன் பங்கை முடித்துவிட்டாள். இனி இவர் பங்கு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நேர்ச்சை விஷயம் இல்தாவுக்குத் தெரிந்தது.

"யோவ் மனுஷா, ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கக் கூடாது? ரெண்டு மெழுகுவர்த்தி?"

"அந்த நேரத்துல வாயில வந்தது அதுதான்."

"எட்டு பேருக்கு எங்க போவ? நமக்குப் பிள்ளையும் இல்ல. உன் தம்பி ஒருத்தன் கராகஸ்ல, இன்னொருத்தன் ஜோஹானஸ்பர்க்ல. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடாதவனுங்க தோளையா அனுப்புவானுங்க?"

"நேர்ந்தாச்சு இல்தா."

"சாமியார்கிட்ட கேளு. மாத்தித் தருவாரு."

சாமியாரிடம் கேட்டார். மாதா தாய், தாய் எண்ணிக்கை பார்க்க மாட்டாள் என்று சொன்னார் சாமியார். ஜெரோனிமோ தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அவருக்குத் தெரியாதா? அவர் ஊரில் ஒருவன் கால் சுகமானால் மெழுகால் முழுக்கால் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டான். மெழுகு விலை பார்த்து முழங்காலோடு நிறுத்திவிட்டான். மறு வாரமே கொடிமுந்திரித் தோட்டத்துப் படிக்கட்டில் விழுந்தான், முழங்காலுக்கு மேலே உடைந்தது. கொடுத்ததை மாதா திரும்ப எடுத்துக்கொள்வாள் என்பதில் ஜெரோனிமோவுக்குச் சந்தேகமே இல்லை. இல்தா தூங்கும்போது அவள் மார்பில் காதை வைத்து அந்தப் புது வால்வு டிக் டிக் என்று அடிக்கிறதா என்று கேட்பார். அவள், "தலையை எடு, பாறாங்கல் மாதிரி இருக்கு" என்று தள்ளிவிடுவாள்.

நம் மதேராச் சங்கத்தில் பெஸ்தானா சும்மா இருப்பாரா? நம் போர்த்துகீசில் மச்சாடோ என்றால் கோடாரி இல்லையா?

"வாங்க வாங்க, ஒத்தைக் கோடாரி வருது! எட்டு கோடாரிக்குக் கொல்லன் பட்டறையில சொல்லிவெச்சாச்சா?"

"உன் பேருக்குக் கண்ணிமை மயிருன்னு அர்த்தம். நீ பேசாதே."

"மயிருன்னாலும் பதினாறு இருக்குல்ல?"

சங்கமே குலுங்கிச் சிரித்தது. ஜெரோனிமோ மறுநாள் நூலகத்துக்குப் போய்விட்டார்.

முப்பது வருடத்தில் அவர் நூலகத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. மழைக்கு ஒதுங்கியதுகூட வாசலோடு சரி. அங்கே இருந்த அம்மாள் கணினியைத் தட்டி, பிரிட்டன் முழுக்க யார் யாருக்கெல்லாம் கடைசிப் பெயர் மச்சாடோ என்று ஒரு பட்டியலை எடுத்துக் கொடுத்தாள். ஜெரோனிமோ மயங்கி விழாத குறை. ஒரே மச்சாடோவா? எறும்புப் புற்று மாதிரி இருக்கிறார்கள்! லண்டனிலேயே தெருவுக்குத் தெரு. தெட்ஃபோர்டில் கோழி வெட்டுகிற தொழிற்சாலையைச் சுற்றி ஒரு கொத்து. ரெக்ஸமில் கொஞ்சம், இங்கிலாந்துப் பாஸ்டனில் கோஸ் பறிக்கிற பக்கம் கொஞ்சம். ஸ்விண்டனில் ஒரு கூட்டம். லெஸ்டரில் நாலைந்து. ஸ்காட்லாந்து மலையுச்சியில் ஆடுகளோடு ஒருத்தர்.

எல்லோருக்கும் ஒரே கடிதம். கையாலேயே எழுதினார். இல்தா உறையை ஒட்டினாள். இருநூறு கடிதம் இருக்கும். தபால்பெட்டி வாந்தி எடுத்தது. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

'அன்புள்ள மச்சாடோ, நானும் மச்சாடோ. உங்கள் தோள் எனக்கு அவசரமாகத் தேவை. என் மனைவியின் இதயத்துக்காக. ஆகஸ்டுக்குள் வரவும். சாப்பாடு உண்டு.'

எடின்பரோவில் ஒரு பெண் இதைப் படித்துவிட்டு நேராகப் போலீசுக்குப் போய்விட்டாள். உடல் உறுப்பு திருடுகிற கும்பல் என்று. இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இல்தா அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து, மார்புத் தையலின் மேல்முனையைக் காட்டி, கணவனின் நேர்ச்சையைச் சொன்னாள். போகும்போது ஒரு போலீஸ்காரர் கேட்டாராம், "மேடம், எங்க ஸ்டேஷன்ல ஒரு மெண்டிஸ் இருக்காரு. ஆகுமா?"

"ஆகாது," என்றார் ஜெரோனிமோ. மனிதர் கறார்.

இருநூறில் நூற்றித் தொண்ணூறு பேர் பதிலே போடவில்லை. மூன்று பேர் இடுப்பு வலி என்றார்கள். மீதி ஏழு பேர் வருகிறோம் என்றார்கள். இவரோடு எட்டு! ஜெரோனிமோ சமையலறையில் இல்தாவைத் தூக்கிச் சுற்றினார். அவள் கத்தினாள், "இறக்கு! தையல் பிரியப்போகுது!"

திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஜெர்சித் தீவில் ஹோட்டல் வேலை பார்க்கும் ஏழாவது ஆள் மட்டும் மறுநாள் காலை விமானத்தில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஜெரோனிமோ கதவைத் திறந்தார். தெட்ஃபோர்ட்டிலிருந்து வந்த கோழி வெட்டுகிறவரைப் பார்த்ததும் பிரச்சினை இல்லை, நம்ம மூக்கு, நம்ம தொப்பை. ஸ்விண்டனிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் கோவாக்காரர்கள், அவர் இடுப்பு உயரம்தான் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றது லோர்னா மச்சாடோ. டாட்டன்ஹாமில் பேருந்து ஓட்டுகிற பெண், அப்பா கயானாவிலிருந்து வந்தவர். ஆறடி இரண்டங்குலம், நல்ல கறுப்பு. நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தாள். அவளுக்கும் பின்னால் லெஸ்டர் நர்ஸ் ஜெசிந்தா மச்சாடோ, தூத்துக்குடிக்காரி. கடைசியாக பிரிஸ்டலிலிருந்து ஒரு தாத்தா, பால் மாதிரி வெள்ளை, நூற்றி நாற்பது வயது இருக்கும். சரி, எழுபத்தெட்டு.

ஜெரோனிமோ திறந்த வாயை மூடவில்லை. இல்தாதான் காதைக் கடித்தாள், "வாயை மூடு. எல்லாரும் மச்சாடோதான். உள்ள கூப்பிடு."

சாப்பிட உட்கார்ந்தார்கள். கேட்கலாமா கூடாதா என்று நெளிந்து நெளிந்து ஜெரோனிமோ கேட்டேவிட்டார்.

"லோர்னா, தப்பா நினைக்காதம்மா. உனக்கு இந்தப் பேரு எப்படி…?"

"அதுதானே? அரை மணி நேரமா உங்க முகத்துல அந்தக் கேள்வி எழுதி ஒட்டியிருக்கு அண்ணே." லோர்னா சிரித்தாள். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் உங்க தீவுலேர்ந்து கரும்பு வெட்டக் கப்பல் ஏறினாராம். கயானாவுல இறங்கினாரு, கறுப்புப் பொண்ணைக் கட்டினாரு. அதுக்கு மேல தெரியாது. எந்த ஊரு, எந்தத் தெரு, ஒண்ணும் தெரியாது. ஒண்ணுதான் மிச்சம். கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில எங்க வீட்ல பன்னிக்கறி. பூண்டும் வினிகரும் போட்டு மூணு நாள் ஊற வெச்சு வறுப்போம்."

இல்தா கரண்டியைக் கீழே வைத்தாள். "கிறிஸ்துமஸ் காலையிலயா? பலகாரத்துக்கு முன்னாடியா?"

"வேற எப்ப?"

"மாதாவே! யோவ், இவ நம்ம பொண்ணுய்யா!"

ஸ்விண்டன் அண்ணன் குறுக்கே புகுந்தார். "இருங்க. பூண்டு, வினிகர், பன்னிக்கறி. அது எங்க விந்தாலு. நாங்க மிளகாயும் போடுவோம்."

"மிளகாயா? கிறிஸ்துமஸ் கறியிலயா?" தெட்ஃபோர்ட்காரர் நெஞ்சில் சிலுவை போட்டார்.

"உங்க ஊர்க் கப்பல்லதான் எங்க ஊருக்கு மிளகாயே வந்துச்சு. கொண்டுவந்து குடுத்துட்டு நீங்க போட மறந்துட்டீங்க."

எல்லோரும் சிரித்து அடங்கியபோது ஜெசிந்தா சொன்னாள், "எங்க வீட்ல அன்னைக்குப் பன்னிக்கறி கிடையாது அண்ணாச்சி. எங்களுக்கு உங்க ரத்தமும் கிடையாது, பாத்துக்கிடுங்க. நாங்க முத்துக் குளிச்ச சனம். ஐந்நூறு வருசத்துக்கு முன்னால ஞானஸ்நானம் குடுக்கையில, ஒரு போர்த்துகீசுக்காரன் ஞானத்தகப்பனா நின்னு தன் பேரைக் குடுத்துட்டுக் கப்பல் ஏறிப் போயிட்டான். பேரு மட்டும் கரையில கெடந்துச்சு. நாங்க எடுத்து வச்சுக்கிட்டோம்."

"எடுத்து வெச்சு ஐந்நூறு வருஷமா தொலைக்காம இருந்திருக்கியே தாயி," என்றார் ஜெரோனிமோ. "என் சொந்தத் தம்பி மூணு தடவை பாஸ்போர்ட்டைத் தொலைச்சிட்டான்."

பிரிஸ்டல் தாத்தாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒயின் கப்பலில் வந்த மாலுமி யாரோ, பழைய பைபிளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மேலும் அவர் மாதாவைக் கும்பிடாத சபையைச் சேர்ந்தவர். "சும்மா தூக்குறேன், கும்பிட மாட்டேன், பரவாயில்லையா?" என்று கேட்டார். மாதாவுக்குத் தோள்தான் கணக்கு என்று இல்தா சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை. கோவில் வளாகத்தில் ஈட்டி நீளக் கம்பியில் மாட்டுக்கறி வேக ஆரம்பித்துவிட்டது. பூ ஜோடித்த சப்பரம் தயாராக நிற்கிறது. நானூறு பேர், என் கணக்கில் நாலாயிரம். அப்போது போன் வந்தது. ஜெர்சியில் மூடுபனி. தன் மூக்கு நுனி தனக்குத் தெரியாத மூடுபனி. விமானம் கிளம்பாது.

ஏழு.

ஜெரோனிமோ சப்பரத்தின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த அகலத் தோள் ஒரு கைக்குட்டை அளவு சுருங்கிவிட்டது. பெஸ்தானா கூட்டத்தில்தான் நின்றார். ஆனால் அன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை. அதுவே ஒரு புதுமைதான்.

"ஏழு பேர் தூக்கினாலும் மாதா வருவாங்க," என்றார் சாமியார்.

"வருவாங்க சாமி. அப்புறம் இல்தாவைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க."

இல்தா அவரைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். அது அவர் கையிலேயே நாலு மாதமாகக் கசங்கிக் கிடக்கிறது. திடீரென்று பலமாகச் சிரித்தாள்.

"யோவ் மனுஷா! இங்கிலீஷ்காரங்க நூலகத்துல போயி இங்கிலீஷ்காரன் மாதிரி தேடியிருக்கிறியே! அவங்க கடைசிப் பேரை மட்டும்தான எழுதுவாங்க? நம்ம சனத்துக்கு அம்மா பேரு நடுவுல இருக்கே, அது எங்க போச்சு?"

ஜெரோனிமோ அவளையே பார்த்தார். முப்பது வருடம் இந்த ஊர் விண்ணப்பங்களில் ஒரே ஒரு கட்டத்தில் பெயர் எழுதி எழுதி, அவருக்கே தன் அம்மா பெயர் மறந்துபோயிருந்தது. இல்தா பூ மேடையில் ஏறி நின்றாள். டாக்டர் பார்த்திருந்தால் அவருக்கு ஒரு வால்வு மாற்ற வேண்டியிருக்கும்.

"இங்க யாருக்கெல்லாம் அம்மா மச்சாடோ? கையைத் தூக்குங்க!"

ஒரு கை எழும்பியது. இரண்டு. அடுப்படியிலிருந்து கறிக்கம்பியோடு ஒரு கை. பதினொரு கை! நாலு மாதம் தபால்தலை நக்கி நாக்குத் தேய்ந்த மனிதருக்குப் பக்கத்து மேசையில், ஒவ்வொரு ஞாயிறும் மத்தி மீன் தின்றுகொண்டு பதினொரு மச்சாடோக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

அப்போது பன்னிரண்டாவதாக ஒரு கை. பாதிதான் எழும்பியது. அதுவும் தானாக எழும்பவில்லை, பெண்டாட்டி முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"தூக்குய்யா," என்றாள் பெஸ்தானாவின் பெண்டாட்டி. "செத்துப்போன உங்கம்மா பாக்குறா."

ஜெரோனிமோ எழுந்து அவரிடம் போனார்.

"நீயா? நாலு மாசமா என்னை வெச்சு நாறடிச்சியே. நீ மச்சாடோவா?"

"எங்கம்மா நம்ம தீவுல வடக்குக்கரை. உனக்குத் தெரியாது." பெஸ்தானா தரையைப் பார்த்தார். "அம்மா செத்தப்போ தாய்மாமனுங்க நாலு பேரு இருந்தானுங்க. ஒருத்தனும் பெட்டிக்குத் தோள் குடுக்க வரல. நிலத்தகராறாம். எங்கப்பாவும் நானும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தான் தூக்கினோம். அன்னிக்கே அந்தப் பேரை விட்டுட்டேன். இங்க வந்தப்புறம் எழுதவே இல்ல. நீ எட்டு மச்சாடோ தோளுன்னு சொன்னப்ப… எட்டு வருமான்னு சிரிப்பாத்தான் இருந்துச்சு எனக்கு."

ஜெரோனிமோவுக்கு அந்த வராந்தாவும் சூப்பும் நினைவுக்கு வந்திருக்கும். அவர் கையை நீட்டி, பெஸ்தானாவின் கோட்டுத் தோளைத் தட்டிப் பார்த்தார், பலகை வாங்குகிறவர் மாதிரி.

"மத்த பதினொரு பேரும் உக்காருங்க. எனக்கு இவன்தான் வேணும். அவனுங்க குடுக்காத தோளை நீ குடுத்துக் காட்டு, வா."

சப்பரம் எழும்பியது. எழும்பியதும் சாய்ந்தது. ஒரு பக்கம் ஆறடி லோர்னா, மறுபக்கம் இடுப்பளவு ஸ்விண்டன் சகோதரர்கள். மாதா குழந்தையேசுவோடு தேம்ஸ் நதியில் குதிக்கப் பார்த்தாள். இல்தா ஓடிப்போய் வட்ட ரொட்டிகளை அள்ளிவந்து குள்ளத் தோள்களில் இரண்டு இரண்டாக அடுக்கினாள். பூண்டு வெண்ணெய் தடவிய சூடான ரொட்டி. நடக்க நடக்க வெண்ணெய் உருகி முதுகில் வடிந்தது. நாலு தெரு நாய்கள் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டன, ரொம்பப் பக்தியாக. பிரிஸ்டல் தாத்தா வேறு சபைப் பாட்டை முணுமுணுத்தார், மெட்டு எப்படியோ பொருந்தியது. லோர்னாவைப் பார்த்த ஒரு பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார், பின்னால் இருபது பேருந்து நின்றது. பெஸ்தானா முழு தூரமும் தோள் மாற்றவில்லை. நாங்கள் மாற்றிக்கொள்கிறோம் என்று மற்ற பதினொருவரும் கெஞ்சினார்கள். "போங்கடா" என்றுவிட்டார்.

கோவில் வாசலில் இறக்கி வைத்ததும் ஜெரோனிமோ நேராக இல்தாவிடம் போனார். நானூறு பேர் பார்க்க அவள் மார்பில் காதை வைத்தார்.

"அடிக்குதா?" என்றாள்.

"அடிக்குது."

"அப்ப தலையை எடு. பாறாங்கல்."

இதுதான் நடந்தது. நேர்ச்சை தீர்ந்தது.

"தீரல," என்றார் சுல்மீரா அம்மாள்.

"என்னது?" என்றாள் துல்சே அக்கா, பால் கொதிக்கிற சத்தத்துக்கு மேலே.

"நேர்ந்தது எட்டு மச்சாடோ. தூக்கினது ஏழு மச்சாடோ, ஒரு பெஸ்தானா. நடுப்பேரு ஒரு பேரா? அது ஏதோ சட்டைக்கு உள்ள போடுற பனியன்."

"எங்கம்மா பேரு எனக்கு நடுவுலதான் இருக்கு. எங்கம்மா பனியனா?"

"உங்கம்மாவை யாரு சொன்னா?"

"இப்ப நீங்கதானே சொன்னீங்க!"

ஃபவுஸ்டோ அண்ணன் பணியாரத்தை வைத்துவிட்டார். "பெஸ்தானாவை விடுங்க. அந்த நர்ஸ் பொண்ணே சொன்னா, ரத்தம் இல்ல, பேரு மட்டும்தான்னு. அப்ப அதுவும் கழியும். ஆறு."

"ஏன் கழியணும்?" என்றாள் துல்சே அக்கா. "பேரைப் பத்திரமா வெச்சிருந்தது அவதானே? உன் பிள்ளைக்கு ஜேசன்னு பேரு வெச்சவன் நீ, பேசாதே."

"ஜேசன் நல்ல பேரு!"

"எந்த நாட்டுல?"

"எண்ணிப் பாருங்க," என்றார் சுல்மீரா அம்மாள், ஜெபமாலை மணியை ஒவ்வொன்றாகத் தள்ளி. "அந்தத் தாத்தா கும்பிடவே இல்ல. அவரும் போச்சு. அஞ்சு! அதான் நேத்து மீன்கடையில இல்தா இருமினா. நான் என் காதால கேட்டேன்."

"இருமலுக்கும் வால்வுக்கும் என்ன கிழவி சம்பந்தம்?" என்றார் ஃபவுஸ்டோ அண்ணன்.

"யாரைக் கிழவின்ன?"

"உட்காருங்க, உட்காருங்க, கதைதானே…" என்றேன் நான்.

"நீ வாயை மூடு! நீதான் எல்லாத்துக்கும் காரணம்! அது பதினொரு கையா, பன்னெண்டா, அதை மட்டும் சொல்லு!"

"அந்த நாற்காலியைக் கீழ வை ஃபவுஸ்டோ, அது என் கடை நாற்காலி!"